அண்டைக்கு ஆர் பாக்கிறது?

எங்கள் விண்ணப்பப் படிவத்தின் கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காத ஆய்வாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. முதல் மூன்று பக்கமும் எல்லா இடத்தையும் போலத்தான் இருக்கும். எந்த விலங்கு, எத்தனை, விலங்கில்லாமல் ஏன் முடியாது, நோவைக் குறைக்க என்ன செய்வீர்கள். பிறகு ஒரு பெட்டிக்குள் இப்படி இருக்கும்: "அன்றைக்கு யார் பார்ப்பது? பெயர், தொலைபேசி இலக்கம், அந்த நாளில் அவர் எங்கே நிற்பார்." அண்மையில் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் கலாநிதி, "இது என்ன சேர், கலியாண வீட்டுக்கு ஆள் பிடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அதை நிரப்பினால்தான் வாங்குவேன் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கேள்வியை எழுதவைத்தவர் பேசாலைப் பக்கம் கருவாடு போட்டு விற்ற ஒரு பெண். அவர் இப்போது இல்லை. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெட்டிக்குள் பெயர் எழுதச் சொல்லி ஊரையெல்லாம் வற்புறுத்திய மனிசி, தன் பெயர் எங்கேயாவது அச்சில் வருகிறதென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் நிலையம் பெரிய இடமொன்றுமில்லை. பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் வந்ததும் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சின்னக் கட்டடம். கடற்பொருட்களில் மருந்து தேடுவது வேலை. பின்பக்கத்து அறையில் வெள்ளை எலிகள் இருந்தன. கடலட்டையிலிருந்து எடுக்கும் சாறு புண்ணை ஆற்றுமா என்று அந்த நாட்களில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலியின் உடம்பைத் தொடும் எந்த ஆய்வுக்கும் முதலில் ஒழுக்கநெறிக் குழு சம்மதம் தரவேண்டும். நான் குழுவின் செயலாளர். வாக்குரிமை கிடையாது, கடிதம், கூட்டக் குறிப்பு, தேத்தண்ணீர் ஏற்பாடு எல்லாம் என் தலையில். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பேராசிரியர் தலைவர். மன்னார் நகரத்து மிருக வைத்தியர் ஒருவர், விஞ்ஞானி ஒருவர். இவர்களோடு, விஞ்ஞானத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. அந்தக் கதிரை நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. பிரதேச செயலகத்தில் ஆள் கேட்டோம். மாதர் சங்கத் தலைவி ஒருவரை அனுப்பிவைத்தார்கள்.

முதற் கூட்டத்துக்கு அக்கா எல்லாருக்கும் முந்தியே வந்துவிட்டார். கழுத்தில் செபமாலை, கையில் ஒரு சொப்பிங் பை. பைக்குள் தலைவருக்கென்று கட்டிக்கொண்டு வந்த கட்டா மீன் கருவாடு. குளிரூட்டி அந்த வாசத்தை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டது. மிருக வைத்தியர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

அன்றைய விண்ணப்பம் நாற்பது பக்கம். அக்காவுக்காக அதை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கியிருந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். மற்றவர்கள் எண்ணிக்கையையும் கணக்கு முறையையும் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் பேராசிரியர் மரியாதைக்கு அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் ஏதும் கேக்க இருக்கோ?"

"ஓம். வெட்டின அண்டைக்கு ஆர் பாக்கிறது?"

"பயிற்சி பெற்ற பணியாளர் பாப்பினம். எழுதிக் கிடக்கு."

"அவருக்குப் பேர் இல்லையோ?"

மிருக வைத்தியர் சிரிப்பை இருமலாக்கினார். பேராசிரியர் பக்கங்களைப் புரட்டினார். நாற்பது பக்கத்திலும் ஒரு பெயர் இல்லை. விண்ணப்பம் அந்த ஒரு பெயருக்காகத் திரும்பிப் போனது. அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. இரண்டு மாதமும் அந்த ஆய்வாளர் என்னைத்தான் ஏசினார்.

அதன் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் இதே கேள்விதான். எலியென்றாலும் மீனென்றாலும், யார் என்ன விளக்கம் சொன்னாலும், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, அண்டைக்கு ஆர் பாக்கிறது?" என்பார். எனக்கு அலுத்துப்போனது. அரைத்த மாவையே அரைக்கிறார் என்று வைத்தியரிடம் சொல்லியிருக்கிறேன். வைத்தியர், "அவவின்ர மாவு நல்லா அரைபடட்டும், விடும்" என்றார்.

ஒருநாள் கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்க கடற்கரையில் அவர் கருவாடு போடும் வாடிக்குப் போனேன். வலை விரித்து அதன்மேல் மீன் காயப்போட்டிருந்தது. நான் பேனையை நீட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நில்லுங்கோ தம்பி. காகம் பாக்கிற மனிசி தேத்தண்ணி குடிக்கப் போட்டா. அவ வரட்டும். நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கோ, நான் இந்தப் பக்கம் பாக்கிறன்."

கந்தோருக்குப் போடும் காற்சட்டையோடு, கையில் ஒரு பூவரசந் தடியோடு, அரை மணித்தியாலம் வெய்யிலில் நின்றேன். காகங்கள் என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

"கழுவுறது, வகிர்றது, உப்புப் போடுறது எல்லாம் ஆரும் செய்யலாம் தம்பி," என்றார் அக்கா. "விரிக்கிறதுக்கு முதல் ஆர் பாக்கிறது எண்டு தெரியவேணும். தெரியாட்டி விரிக்கக் கூடாது."

ஓகோ, கேள்வி இங்கிருந்துதான் வருகிறதா என்று எனக்கு ஓர் இளக்காரம். கருவாட்டுச் சட்டத்தை விஞ்ஞானத்துக்குப் போடுகிறாரே என்று நினைத்தேன். கையெழுத்து வைக்கும்போது பேனை முழுக்க உப்பு.

அவரை உயிர்கள்மேல் உருகுகிற ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை விண்ணப்பத்தோடு வந்த ஓர் ஆய்வாளர் அவரைக் குளிரவைக்க நினைத்து, "உங்களுக்கு இந்தச் சீவன்களில நல்ல இரக்கம் அம்மா" என்றார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் விடிய எழும்பி எத்தினை மீனை வகிர்ந்து போட்டிட்டு வாறன் எண்டு தெரியுமோ? ஞாயிற்றுக்கிழமையில கோழியும் அறுக்கிறனான். இரக்கம் இருக்கோ எண்டு நான் கேக்கேல்லை. அதுக்கு நோகேக்க பக்கத்தில நிக்கிற ஆள் ஆர் எண்டுதான் கேட்டனான்." அந்த ஆய்வாளர் உடனே ஒரு பெயர் சொன்னார். அக்கா அந்தப் பெயரின் இலக்கத்தையும் கேட்டு, அங்கேயே தொலைபேசி எடுத்து, "தம்பி, உங்கட பேரை இஞ்ச எழுதியிருக்கினம், உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். அந்தத் தம்பிக்குத் தெரியாது.

எலி அறையை முதன்முதல் பார்க்க வந்த நாளில் மட்டும் அவர் கேள்வியின் இன்னொரு வேரைக் கண்டேன். அறையை இரண்டு பேர் மாறி மாறிப் பராமரித்தார்கள். யூட் தீவுக்குள் இருப்பவர், நியாஸ் தீவுக்கு வெளியே முசலிக்காரர். சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். காலை, மத்தியானம், பின்னேரம் என்று பெட்டிகள். பார்த்துவிட்டுச் சரி போடவேண்டும். ஒரு மாதத்து அட்டவணை முழுக்க ஒரே சாய்வில், ஒரே மையில் சரிகள். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்கள் இந்தியாவில அகதிக் காம்பில இருந்தனாங்கள்தானே," என்றார். "மாசத்தில ஒரு நாள் எண்ண வருவினம். கார்ட்டைக் காட்டினால் சரி போடுவினம். பக்கத்து வீட்டில ஒரு மனிசி காய்ச்சலில கிடந்தவ. எழும்ப ஏலாது. அவவின்ர கார்ட்டை ஆரோ காட்டினது, சரி போட்டிட்டுப் போட்டினம். மூண்டாம் நாள் செத்துப்போனா. கொப்பியில பாத்தால் ஆள் சுகமா நிக்கிறா."

யூட் தண்ணீர்ப் போத்தல்களை மாற்றத் தொடங்கினார். அந்த மனிசி யார் என்று நான் கேட்கவில்லை. சொந்தக்காரியாக இருக்கலாம் என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

இனி என் கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும். ஒரு ஆய்வுக்குச் சம்மதம் கிடைக்க அரை வருடம் போய்க்கொண்டிருந்தது. தலைவர் வந்தால் விஞ்ஞானி வரமாட்டார், இருவரும் வந்தால் மின்சாரம் வராது. சின்ன மாற்றமொன்றுக்கும், ஒரு பெயரின் எழுத்தைத் திருத்துவதற்குங்கூட, முழுக் குழுவும் கூடவேண்டும். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, இதைக் குறைத்துத் தா என்றார். நான் குறைத்தேன். நாற்பது பக்கம் நான்கு பக்கமானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்று வைத்தியர் நக்கலடித்தார்; மன்னாரில் கழுதைக்கா பஞ்சம் என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை. இதைவிட எனக்குப் பெருமை தந்தது குறுக்குப் பாதை. திகதி மாற்றம், ஆள் மாற்றம், எண்ணிக்கைக் குறைப்பு போன்ற சின்ன விடயங்களுக்குக் குழு கூடத் தேவையில்லை. தலைவரும் வைத்தியரும் மின்னஞ்சலில் ஓம் என்றால் போதும். இரண்டு நாளில் அலுவல் முடியும்.

அக்கா எதிர்ப்பார் என்று நினைத்துக்கொண்டு பதில்களோடு போனேன். அவர் எதிர்க்கவில்லை.

"நல்லது. அந்தக் கட்டை வாசிச்சு வாசிச்சு ஒருத்தருக்கும் எலியைப் பாக்க நேரமில்லை. ஒண்டு சொல்லுங்கோ, இது சின்ன மாற்றம் எண்டு ஆர் சொல்லுறது?"

"நான்தான்," என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆவணியில் அது நடந்தது.

எங்கள் பக்கத்தில் விடுமுறை என்பது கலண்டரில் இருக்கும் சிவப்பு எழுத்து மட்டுமல்ல. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு யூட் போனால் நியாஸ் பார்ப்பார். பெருநாளுக்கு நியாஸ் போனால் யூட் பார்ப்பார். இதற்கு விண்ணப்பமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மன்னாரில் பாதிக் கந்தோர்கள் இப்படித்தான் ஓடுகின்றன. ஒருவரும் கேட்டதும் இல்லை, ஒன்றும் பிழைத்ததும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

கடலட்டை மருந்து வந்துசேரப் பிந்தியதால், சத்திர சிகிச்சையை ஒரு கிழமை தள்ளிவைக்கும்படி ஆய்வாளர் கேட்டார். திகதி மாற்றம். சின்ன மாற்றம். தலைவர் ஓம் என்றார், வைத்தியர் ஓம் என்றார். இரண்டு நாள்கூட ஆகவில்லை. திகதிதானே என்று அக்காவுக்குத் தமிழில் எழுதி அனுப்பவில்லை. யூட்டுக்கும் நியாஸுக்கும் அறிவிக்கவில்லை. புதிய திகதி மடுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக விழுந்திருந்தது. அரசாங்கக் கலண்டரில் அந்த நாட்கள் கறுப்பு எழுத்திலேயே இருந்தன.

நாங்கள் வெள்ளாங்குளத்துச் சைவக்காரர்தான். ஆனாலும் மடுமாதாவிடம் போகாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. மகனுக்குக் காய்ச்சல் மாறியதற்கு மனிசி நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். திருவிழாவுக்கு முதல்நாள் மத்தியானம் மடுவில் நிற்கிறோம். மரத்துக்கு மரம் கொட்டில், அடுப்புப் புகை, காணாமற்போன பிள்ளைகளின் பெயர் சொல்லும் ஒலிபெருக்கி. தண்ணீர் வரிசையில் கானோடு யூட் நின்றார்.

"என்ன யூட், வந்திட்டீரோ?"

"நேத்துப் பின்னேரமே வந்திட்டன் சேர்."

சனம் கூடிவிட்டது என்று கதைத்தோம். புழுதியைப் பற்றிக் கதைத்தோம். என் மூளையில் ஒன்றும் தட்டவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும். அந்த நேரம் அக்கா ஒரு பெரிய மெழுகுதிரியைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு வந்தார். மகளுக்குப் பிள்ளை கிடைத்ததற்காக அன்று பின்னேரம் அதை ஏந்திப் போவதாக நேர்த்தி. என் மனிசியிடம் சுகம் கேட்டார். மகனின் கன்னத்தைத் தடவினார். பிறகு யூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச. அங்க ஆர் பாக்கிறது?"

"நியாஸ் பாப்பான் அக்கா. எப்பவும் அவன்தானே," என்றார் யூட். "வெட்டு நேத்துத்தான் நடந்தது. ஆய்வு செய்யிற மிஸ் வந்து நிக்கேக்கதான் எனக்கும் தெரியும். ராவைக்குரிய நோ மருந்தையும் குடுத்திட்டு அவ பஸ்ஸுக்குப் போட்டா. மிச்சத்தை பிரிட்ஜில வச்சு, நியாஸுக்குக் கடதாசி எழுதி ஒட்டிப்போட்டு வந்தனான்."

"அவரோட கதைச்சனீரோ?"

யூட் கானை நிலத்தில் வைத்தார்.

"போனை எடுங்கோ தம்பி," என்றார் என்னிடம்.

திருவிழாச் சனத்துக்குள் மூன்றாம் முறைதான் இணைப்புக் கிடைத்தது. நியாஸ் முசலியில் நின்றார். "போன கிழமை வெட்டு நடக்கேல்லை, இந்தக் கிழமை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே சேர்? சாப்பாடும் தண்ணியும் மட்டும்தானே, பின்னேரம் வந்து வைப்பம் எண்டு இருந்தனான். ஏன் சேர், என்ன நடந்தது?"

மிருக வைத்தியர் திருவிழாவுக்கு வரவில்லை. மன்னாரில், நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்தில், வீட்டில் இருந்தார். அவரைக் கூப்பிட்டேன். உடனே போனார். போய் நின்றது பூட்டிய கதவுக்கு முன்னால். அந்த அறைக்கு இரண்டு திறப்பு. ஒன்று யூட்டின் இடுப்பில், மற்றது பின்னேர பஸ்ஸை விட்டால் வர வழியில்லாத முசலியில். அவசரத்துக்கென்று மூன்றாவது ஒன்று உண்டு. அது என் அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரித் திறப்பு என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

மச்சானின் வான் வண்டியில் புறப்பட்டோம். அக்கா மெழுகுதிரியை என் மனிசியின் கையில் கொடுத்துவிட்டு முதல் ஆளாக ஏறினார்.

"அக்கா, உங்கட நேர்த்தி?"

"மாதா இஞ்சதான் இருப்பா. அந்த வேலைக்குக் கையெழுத்து வச்சதில நானும் ஓராள்."

ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அந்த ஓட்டம் முழுக்க அவர் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு எலிகள். காலை மருந்தும் இல்லை, மத்தியான மருந்தும் இல்லை. பெரும்பாலானவை கூட்டின் மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தொடாமல் இருந்தன. இரண்டு, நோ தாங்காமல் தையலைத் தாங்களே கடித்துப் பிரித்திருந்தன. வைத்தியர் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தார். அந்த இரண்டையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நோவில்லாமல் முடித்துவைத்தார். முடியும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றார், கண்ணை எடுக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. எலிக்காக வந்ததா, என் வேலைக்காக வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

சுவரில் அட்டவணை. காலை, மத்தியானம் என்று இரண்டு பெட்டி வெறுமையாகக் கிடந்தன. யூட் தற்காலிகப் பணியாளர். இரண்டு பிள்ளைகள். அவர் என் காதோடு, "சேர், சரி போட்டுவிடட்டோ? மருந்துக்குப் பிறகுந்தான் கடிச்சது எண்டு சொல்லலாம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு அந்த நேரம் ஒரு பிடி சோறு போதும்போல இருந்தது.

அக்கா கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"என்ன எழுதப்போறியள்?"

யூட் அட்டவணையிலிருந்து கையை எடுத்தார்.

"ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

"எழுதினால் யூட்டின்ர வேலை போடும் அக்கா."

"அப்ப ஆர் அறிவிக்கேல்லை எண்டதையும் சேத்து எழுதுங்கோ."

அது நான். பேனையை எடுத்தேன். "காலையும் மத்தியானமும் ஒருவரும் பார்க்கவில்லை. திகதி மாறியதைப் பராமரிப்பாளர் இருவருக்கும் செயலாளர் அறிவிக்கவில்லை." பெட்டிக்குள் இடம் போதாமல் எழுத்து வெளியே வழிந்தது. கீழே என் பெயரை எழுதினேன். அக்கா அதை விரல் வைத்து வாசித்துவிட்டு, தானும் ஒரு கையெழுத்து வைத்தார்.

ஆய்வு நிறுத்தப்பட்டது. குழு அவசரமாகக் கூடியது. பேராசிரியர் கடும் கோபத்தில் இருந்தார். குறுக்குப் பாதையை மூடவேண்டும், பழைய நாற்பது பக்கமே திரும்ப வரவேண்டும், இனி ஒரு புள்ளி மாறினாலும் முழுக் குழுவும் கூடவேண்டும் என்றார். விஞ்ஞானியும் ஆமோதித்தார். நான் தலை குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒண்டு சொல்லட்டோ?" என்றார் அக்கா. "நாப்பது பக்கம் இருந்த காலத்திலயும் மடுத் திருவிழா அதுக்குள்ள இல்லை. எல்லாரும் கூடி வாசிச்சிருந்தாலும் திகதியைப் பாத்திட்டு ஓம் எண்டிருப்பியள்."

"நீங்கள் கேட்டிருப்பியளே," என்றார் வைத்தியர்.

"கேட்டிருப்பன். நான் நாளைக்குச் செத்துப்போனால் ஆர் கேக்கிறது? கடதாசி கேக்கட்டும்." என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தத் தம்பி குறைச்சது பிழையில்லை. குறைக்கேக்க அதையும் சேத்துக் குறைச்சுப் போட்டார். அதை மட்டும் திருப்பி வையுங்கோ. மிச்சம் குறைஞ்சபடியே கிடக்கட்டும்."

அப்படி வந்ததுதான் அந்தப் பெட்டி. சின்ன மாற்றத்துக்கு இன்றைக்கும் இரண்டு நாள்தான் எடுக்கிறது. திகதி மாறினால் பெட்டியைப் புதிதாக நிரப்பவேண்டும், பெட்டியில் பெயர் உள்ளவரோடு நான் நேரே கதைக்கவேண்டும், அவ்வளவுதான். யூட்டுக்கு எச்சரிக்கையோடு போனது. என் பணிக்கோவையில் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது. அது இன்னும் இருக்கிறது.

அடுத்த ஆவணி வந்தது. அந்த ஆய்வே மறுபடி தொடங்கி, சத்திர சிகிச்சைக்குப் பிந்திய நாட்களுக்குள் திருவிழா மறுபடி விழுந்தது. யூட்டுக்கு மடு. நியாஸ் மக்காவுக்கு உம்றாப் பயணம் போயிருந்தார். அக்காவிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு, பேனையை வாங்கித் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.

"குழு ஆள் பராமரிக்க ஏலாது அக்கா. விதி இருக்கு. தான் பாத்த வேலைக்குத் தானே சரி சொல்லக் கூடாது."

"நல்ல விதி," என்றார். எழுதியதை வெட்டினார். பேனையை என்னிடம் நீட்டினார். "அப்ப நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்கு வாக்கில்லைத்தானே."

என் பெயரை எழுதினேன். மனிசி ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மகனையும் கூட்டிக்கொண்டு அவளே மடுவுக்குப் போனாள்.

திருவிழாவன்று நிலையத்தில் நான் ஒருவன்தான். மருந்து கொடுக்க வைத்தியர் காலையில் வந்து போனார். மத்தியானம் நான் ஒவ்வொரு கூடாகப் பார்த்து, சரியில்லாவிட்டால் அவரைக் கூப்பிடவேண்டும். அதற்கு முதல் கந்தோர் வேலையை முடித்துவிடலாம் என்று என் அறையில் மின்விசிறிக்குக் கீழ் இருந்து கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அட்டவணையையும் மேசைக்கே எடுத்து வந்திருந்தேன். வெய்யில் கொளுத்தியது. எழும்பப் பஞ்சியாக இருந்தது. எப்படியும் பார்க்கத்தானே போகிறேன் என்று மத்தியானப் பெட்டியில் ஒரு சரி போட்டேன். போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தேன்.

தொலைபேசி அடித்தது. மறுபக்கம் கோயில் மணியும் பாட்டும்.

"தம்பி, பாத்தீங்களோ?"

"ஓம் அக்கா. பாத்தாச்சு. சரியும் போட்டிட்டன்."

"பதினோராம் கூட்டில என்ன செய்யுது?"

நான் அட்டவணையைப் பார்த்தேன். அதில் பதினோராம் கூடு இல்லை. ஒரு சரிதான் இருந்தது. ஒலிபெருக்கி யாரோ ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, தாயைத் தேடியது.

"பாக்கேல்லை அக்கா," என்றேன்.

"தெரியும்." குரலில் கோபமில்லை. "மாதாவின்ர சுரூபம் ஊர்வலமா வெளிக்கிடுது. நான் போனை வைக்கேல்லை. போய் வடிவாப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

தொலைபேசியை மேசையில் அப்படியே வைத்துவிட்டு, திறப்பை எடுத்துக்கொண்டு போனேன். முதலாம் கூட்டிலிருந்து தொடங்கினேன். குனிந்து, முதுகையும் கண்ணையும் சாப்பாட்டுக் கிண்ணத்தையும் பார்த்து, அடுத்ததுக்குப் போனேன். பன்னிரண்டையும் பார்க்க நான் நினைத்ததைவிடக் கூட நேரம் எடுத்தது. திரும்பி வந்து தொலைபேசியைத் தூக்கியபோது பாட்டு மிகத் தூரத்தில் கேட்டது. சுரூபம் அவரைக் கடந்து போயிருந்தது.

"எல்லாம் சுகம் அக்கா. பதினோராவது நித்திரை கொள்ளுது."

"சரி," என்றார். "இப்ப எழுதுங்கோ."

போட்டிருந்த சரியை வெட்டினேன். பக்கத்தில் நேரத்தையும் என் பெயரையும் எழுதினேன்.